முள் வைக்கும் முன்னே: பழைய இசைத்தட்டுகள் – வாசகர் கேள்வி பதில்

வீட்டில் பழைய கிராமபோன் தட்டு வைத்திருப்பவர்கள் எழுதலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி தட்டின் மேல் படிந்த தூசியைப் பற்றியவை, மீதி அதில் பாடியவர்களைப் பற்றியவை. ஒரு வானொலி நிலையத்தின் ஒலிநூலகத்தில் 31 வருடம் தட்டுகளோடு பழகியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒன்றிரண்டு பதில்கள் நீண்டுவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தாத்தா ரங்கூனில் கடை வைத்திருந்தவர். அவருடைய தகரப் பெட்டியில் 40 இசைத்தட்டுகள் கிடைத்தன. பல தட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருக்கிறது. எதைக் கொண்டு துடைப்பது? பரணில் கிராமபோன் பெட்டியும் இருக்கிறது. அதிலேயே போட்டுக் கேட்கலாமா ஐயா?
– காரைக்குடி வாசகி

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், அம்மா. ஸ்பிரிட், சானிடைசர், சென்ட் எதையும் அந்தத் தட்டுகளின் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். அவை பிளாஸ்டிக் அல்ல, அரக்கு. சோட்டா நாக்பூர் பக்கத்துக் காடுகளில் புரசு, இலந்தை மரங்களில் பூச்சி கட்டும் அரக்கை எடுத்து உருக்கி, கல்மாவும் கரியும் சேர்த்து அச்சில் அழுத்திய பொருள் அது. அலமாரிக்குப் பாலிஷ் போடும் ஆசாரி அரக்கை எதில் கரைக்கிறார் என்று பார்த்திருப்பீர்கள். ஸ்பிரிட்டில்தான்.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. மன்னார்குடியில் என் அத்தை வீட்டில் ஒரு கிட்டப்பா தட்டு இருந்தது. 1974இல் கிராமபோனுக்கு ஸ்பிரிங் மாற்ற டவுனில் ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனபோது தட்டையும் கூடவே எடுத்துப்போனோம். கடைக்காரர் நல்ல மனதோடுதான், "பளபளன்னு ஆக்கித் தர்றேன்" என்று பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒரு சுற்றுத் துடைத்தார். பஞ்சு கறுப்பானது. வீட்டுக்கு வந்து அத்தை முள்ளை வைத்தார். முதல் அரை நிமிடம் மணல் கொட்டுகிற சத்தம், அதற்குள்ளே எங்கோ தூரத்தில் ஒரு குரல். அத்தை யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்து உறைக்குள் போட்டு, உறையின் மேல் பென்சிலால் தேதி எழுதினார். அந்த உறை இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, மெல்லிய தூரிகையால் பூஞ்சையைத் தட்டிவிடுங்கள். ஓரத்தில் விரிசல் உள்ள தட்டுகளைத் தனியே எடுத்து வையுங்கள், அவற்றில் தண்ணீர் படக்கூடாது. மற்றவற்றின் நடுவில் உள்ள காகிதத்தை ஒரு டப்பா மூடியால் மறைத்துக்கொண்டு, காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரே ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு கலந்து, பருத்தித் துணியால் பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே தேய்க்க வேண்டாம். அப்புறம் வெறும் தண்ணீரில் ஒரு முறை துடைத்து நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் அரக்கு வளைந்து அப்பளம் மாதிரி ஆகிவிடும். அடுக்கும்போதும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல் புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள்.

பரண் கிராமபோனில் போட வேண்டாம். அதன் முள்ளைத் தாங்கும் சவுண்ட் பாக்ஸ் 100 கிராமுக்கும் மேல் கனத்தோடு பள்ளத்தை அழுத்தும். அந்தக் காலத்திலேயே ஒரு பக்கத்துக்கு ஒரு முள் என்பதுதான் கணக்கு. தேய்ந்த முள்ளையே திரும்பத் திரும்ப வைத்ததால்தான் முக்கால்வாசித் தட்டுகள் நரைத்துப்போயின. பிற்காலத்து நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டுக்கான பிளேயரின் மெல்லிய முள்ளும் உதவாது. நிமிடத்துக்கு 78 சுற்று என்று கணக்குச் சொல்லி '78 தட்டு' என்று நாம் அழைக்கும் இந்த அரக்குத் தட்டின் பள்ளம் அகலம், அதனால் அந்த முள் அடியில் கிடக்கும் தூசியில் உரசிக்கொண்டு போகும். 78க்கென்றே அகல முள் கிடைக்கிறது.

ஆனால் கேட்பதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள், தட்டுக்கு ஒரு பக்கம். கம்பெனிப் பெயர், காகிதத்தில் உள்ள எண், பாடியவர் பெயர் இருக்கிறபடியே, பாட்டின் முதல் அடி, ராகம் தாளம் போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். காகிதத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே வழவழப்பாக இருக்கும் இடத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் அங்கே இன்னொரு எண் பொறித்திருக்கும். ஒலிப்பதிவின் பிறப்பு எண் அதுதான். காகிதத்தின் மேல் விற்ற கடையின் முத்திரையோ ஒட்டுச் சீட்டோ இருந்தால் அதைச் சுரண்டிவிடாதீர்கள். ரங்கூன் கடையா, காரைக்குடிக் கடையா என்பது தாத்தாவின் கதையும்கூட. ஒலியை யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்துவிடலாம், அந்த நோட்டை எழுத உங்களால் மட்டும்தான் முடியும்.

கேள்வி: பழைய தட்டில் பாடகி கௌஹர் ஜான் இந்துஸ்தானிப் பாட்டைப் பாடி முடித்ததும் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்கிறார். ரசிகர்களுக்காகவா?
– திருநெல்வேலி கல்லூரி மாணவர்

பதில்: இல்லை தம்பி, ஜெர்மனியில் இருந்த தொழிலாளர்களுக்காக. கிராமபோன் கம்பெனிக்காக ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து 1902 நவம்பரில் ஒலிப்பதிவு செய்தார். மெழுகுத் தகட்டில் எடுத்த பதிவு கப்பலேறி ஹானோவர் நகரத் தொழிற்சாலைக்குப் போய், அங்கே தட்டாக அச்சாகித் திரும்பி வரும். அங்கிருப்பவர்களுக்கு நம் பாட்டும் தெரியாது, பாடகரும் தெரியாது. எந்தத் தகட்டில் யார் என்று குழம்பாமல் இருக்கத்தான் அந்த "மை நேம் இஸ் கௌஹர் ஜான்". 1908இல் கல்கத்தா சியால்தாவில் தொழிற்சாலை வந்த பிறகு தட்டுகள் இங்கேயே அச்சாயின. அந்த அம்மாள் கடைசியில் நம் பக்கம்தான் வந்தார். மைசூர் அரண்மனைப் பாடகியாக இருந்து, 1930 ஜனவரியில் மைசூரிலேயே காலமானார்.

கேள்வி: பழைய நாடகப் பாட்டு ஒன்று இணையத்தில் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்றில் சுருதி 5 கட்டை, மற்றதில் ஐந்தரைக் கட்டை. பாடகர் ஒருவர், பதிவும் ஒன்றே. எதை நம்பிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது?
– கும்பகோணம், பாட்டு வாத்தியார் ஒருவர்

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்த மாதம் காத்திருந்தேன் ஐயா. மற்றவர்களுக்கு ஒரு வரி: ஆர்மோனியக் கட்டையை வைத்துச் சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவுதான் 'கட்டை', எண் கூடினால் சுருதி உயரம். '78 தட்டு' என்று சொல்லிச் சொல்லி, எல்லாத் தட்டும் நிமிடத்துக்கு 78 சுற்றில் எடுத்தது என்று நினைத்துவிட்டோம். 1925இல் மின்சார ஒலிப்பதிவு வந்த பிறகுதான் 78 என்ற எண் மெல்ல நிலைபெற்றது. அதற்கு முந்தைய தட்டுகளில் 70 சொச்சத்திலிருந்து 80க்கு மேல் வரை உண்டு. 74 சுற்றில் எடுத்த தட்டை 78இல் ஓடவிட்டால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். பாட்டும் அதே அளவு வேகமாகிவிடும்.

இதை எப்படிச் சரிசெய்வது? நாடகப் பாட்டாக இருந்தால் நமக்கு ஆர்மோனியம் துணை. சென்ற ஐப்பசி மழையில் வீட்டில் அடைந்து கிடந்தபோது அப்படி ஒரு தட்டோடு உட்கார்ந்தேன். 78இல் ஓடியபோது ஆதார சுருதி 5 கட்டைக்கும் ஐந்தரைக்கும் நட்ட நடுவே நின்றது. தம்புராவைச் சுருதி சேர்க்கிறவர் அங்கே நிறுத்தலாம். ஆர்மோனியத்தில் அந்த இடத்தில் கட்டையே கிடையாது! வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். 76க்குச் சற்றுக் கீழே வந்ததும் 5 கட்டையில் வந்து உட்கார்ந்தது. ஆனால் 80க்குச் சற்று மேலே ஏற்றினாலும் ஐந்தரையில் உட்காருமே, எது சரி? இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். 80இல் 'ழ'கரம் நாக்கில் நிற்காமல் வழுக்கியது, பிருகா என்கிற வேகமான ஸ்வரச் சுழற்சி உதறியது, மூச்சு எடுக்கும் இடம் விக்கல் மாதிரி கேட்டது. 76இல் ஒரு மனிதர் நின்று பாடினார். பெரியவர், நல்ல சாரீரம், வெற்றிலை போட்ட வாய். உச்சத்துக்குப் போகும்போது ஒலிப்பதிவுக் குழாயிலிருந்து முகத்தைப் பின்னால் இழுத்துக்கொள்வதுகூடத் தெரிந்தது.

எல்லா ஆர்மோனியமும் ஒரே சுருதியில் சேர்ந்தவை அல்ல என்பதால் இதையே கல்வெட்டாகக் கொள்ள முடியாது. எந்த வேகத்தில் பிரதி எடுத்தோம் என்பதைக் கூடவே எழுதி வைத்துவிட்டால் நாளை இன்னொருவர் திருத்திக்கொள்வார். இணையத்தில் ஏற்றுகிறவர்கள் இந்த ஒரு வரியை எழுதாமல் விடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். பிள்ளைகளுக்கு நீங்கள் 5 கட்டைப் பதிவைப் போட்டுக் காட்டுங்கள். தட்டைக் கேட்காமல் இதைச் சொல்வதற்குக் காரணம், நான் பார்த்தவரை தவறுகள் பெரும்பாலும் வேகமாக ஓடவிட்டதாகவே இருந்தன.

இன்னொன்றும் அவர்களுக்குச் சொல்லுங்கள். 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கம் 3 நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதற்குள் பல்லவி, அனுபல்லவி, சரணம், இரண்டு ஆவர்த்தனம் ஸ்வரம் எல்லாம் முடித்தாக வேண்டும். "அந்தக் கால வித்வான்களெல்லாம் ஓட்டமாகப் பாடியிருக்கிறார்கள்" என்று இன்றைய பிள்ளைகள் முடிவு கட்டுவது தவறு. கச்சேரியில் அதே கீர்த்தனையை அந்த வித்வான்கள் அரை மணி பாடியிருப்பார்கள். மிருதங்கம் கேட்கவில்லை என்றும் சொல்வார்கள். மைக் இல்லாத நாளில் ஒரே ஒரு புனல் குழாய்க்கு முன்னால் எல்லோரும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். தோல் வாத்தியத்தின் அடி பலமாக விழுந்தால் மெழுகைக் கீறும் முள் துள்ளிவிடும் என்பதால் மிருதங்கக்காரரைத் தள்ளி உட்காரவைத்துவிடுவார்கள்.

இந்த மூன்று நிமிடத்துக்குள் தன் சங்கீதம் அடங்காது என்று ஒதுங்கியவர்களும் உண்டு. காஞ்சிபுரம் நாயனா பிள்ளை தட்டில் பாட மறுத்துவிட்டார். 1934இல் அவர் போனதோடு அந்தக் குரல் போய்விட்டது. சிஷ்யர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் பதிவுகளில் அந்தப் பாணியைத் தேடிக்கொள்கிறோம்.

கேள்வி: தமிழ் அருட்பாத் தட்டைக் கேட்டு ஒரு பிரெஞ்சுக்காரர் பியானோவுக்கு இசை எழுதினார் என்று ஒரு நண்பர் சொல்கிறார். உண்மையா?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: உண்மைதான், அதிலும் உங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஒருவரின் தட்டு. கோயம்புத்தூர் தாயி (1872–1917) பாடிய அருட்பாப் பதிவைக் கேட்டு, மோரிஸ் தெலாஜ் 'ராகமாலிகா' என்றே பெயரிட்டுப் பியானோவுக்கு எழுதினார். அவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவேலின் மாணவர், 1912இல் இந்தியாவுக்கும் வந்து போனவர். அதில் ஓர் இடத்தில், பியானோவின் ஒரு தந்திக்கு அடியில் அட்டைத் துண்டைச் செருகி நாதத்தை அமுக்கச் சொல்லியிருக்கிறார். நம் தாள வாத்தியத்தின் தொனி அவருக்கு வேண்டியிருந்தது. பியானோவை இப்படி மாற்றி வாசிப்பது பின்னாளில் மேற்கே பெரிய விஷயமானது. அதன் ஆரம்ப உதாரணங்களில் ஒன்று அரக்குத் தட்டில் ஏறிய வள்ளலார் பாட்டிலிருந்து வந்தது. அந்தத் தட்டையும் பியானோ உருவத்தையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். விருத்தம் இழுக்கும் இடத்தை அந்த மனிதர் எவ்வளவு பொறுமையாகக் காதில் வாங்கியிருக்கிறார் என்று தெரியும்.

இந்தச் சாக்கில் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. தெற்கே தட்டு வந்த முதல் பத்து இருபது வருடத்துக் குரல்களில் பெரும்பகுதி பெண்களுடையது. சேலம் கோதாவரி, தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள், தாயி என்று தேவதாசி மரபில் வந்தவர்கள் குழாய்க்கு முன்னால் துணிந்து நின்று பாடிய பிறகுதான் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சபா வரலாறு எழுதுகிறவர்கள் இவர்களை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். தட்டு அப்படித் தாண்டவிடாது. பெயரும் ஊரும் நடுக்காகிதத்தில் அச்சாகி இருக்கிறது.

கேள்வி: பாரதியார் குரல் தட்டில் இருக்கிறதா?
– புதுச்சேரி வாசகி

பதில்: இல்லை அம்மா. 1921இல் அவர் மறைந்தபோது சென்னையில் ஒலிப்பதிவு தொடங்கிப் பதினைந்து வருடம் தாண்டியிருந்தது. யாராவது அழைத்துப்போய் நிறுத்தியிருக்கலாம். யாரும் செய்யவில்லை.

கேள்வி: 88 வயதான என் பாட்டி, வெள்ளத்தில் ஒரு கிராமம் அடித்துப்போன கதையைச் 'சிந்து' என்று பாடுவார். பாதிதான் நினைவிருக்கிறது. முழுப் பாட்டையும் எங்கே தேடுவது?
– விருத்தாசலம் வாசகர்

பதில்: பாட்டி சொல்வது குஜிலிப் பாட்டுப் புத்தகமாக இருக்கவேண்டும். சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் மலிவுக் காகிதத்தில் அச்சாகி, சந்தையிலும் திருவிழாவிலும் ரயிலிலும் பாடிப் பாடியே விற்ற சின்னப் புத்தகங்கள் அவை. வெள்ளம், கொலை, ரயில் விபத்து, பஞ்சம் என்று எது நடந்தாலும் சிந்தோ கும்மியோ தயாராகிவிடும். படிக்கத் தெரியாதவருக்கும் செய்தி போய்ச் சேர்ந்த வழி அதுதான்.

இவ்வளவு சாதாரணக் காகிதம் எப்படி மிஞ்சியது என்றால் இரண்டு காரணம். 1867ஆம் வருடச் சட்டப்படி அச்சாகும் எதையும் அரசிடம் பதிவு செய்து பிரதி கொடுக்கவேண்டியிருந்தது. அப்படிப் போனவற்றில் ஒரு பகுதி இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இரண்டாவது, செட்டிநாட்டுக் கோட்டையூரில் ஒரு தனி மனிதர். ரோஜா முத்தையா பழைய புத்தகங்களோடு பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ் என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பின் அந்தச் சேகரிப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இப்போது தரமணியில் இருக்கிறது. ஊர்ப் பெயரையும் 'வெள்ளச் சிந்து' என்ற சொல்லையும் சொல்லித் தேடச் சொல்லுங்கள்.

புத்தகம் கிடைத்தாலும் ராகம் கிடைக்காது. அச்சில் இருப்பது "இன்ன பாட்டின் வர்ணமெட்டு" என்ற ஒரு வரி மட்டும். அந்த இன்ன பாட்டு ஒரு நாடகப் பாட்டாக இருக்கும். அது தட்டில் பதிவாகியிருந்தால் அதைப் போட்டு, அதன் மேல் சிந்தின் அடிகளை வைத்துப் பாடிப் பார்க்கலாம். இப்படி ஒரு கும்மியை நானும் ஒரு நண்பரும் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பொருத்தினோம். மூன்றாவது கண்ணியில் அசை சரியாக விழுந்தபோது இருவரும் ஒரே நேரத்தில் தொடையில் தட்டினோம்.

உங்களுக்கு அவ்வளவு சுற்று வேண்டாம், பாட்டியே இருக்கிறார். இன்று சாயங்காலமே மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனைப் பக்கத்தில் வைத்துப் பாடச் சொல்லுங்கள். மறந்த இடத்தில் எடுத்துக்கொடுக்காதீர்கள். அவர் வெறும் ராகத்தை முனகிக்கொண்டு தாண்டினால் அதுதான் எந்த நூலகத்திலும் இல்லாத பொருள்.

கேள்வி: "காந்தியோ பரம ஏழை சந்நியாசி" தட்டு என்னிடம் இருக்கிறது. இணையத்தில் ஏற்றலாமா? தட்டை யாரிடம் கொடுப்பது?
– மதுரை வாசகர்

பதில்: ஏற்றலாம். நம் நாட்டில் ஒலிப்பதிவின் உரிமை வெளியான அடுத்த வருடத்திலிருந்து 60 வருடம். பாட்டு எழுதியவருக்கு ஆயுளும் அதன்பின் 60 வருடமும். அதை எழுதிய மதுரகவி பாஸ்கரதாஸ் உங்கள் மதுரைக்காரர், 1952இல் காலமானார். 2012உடன் அந்தக் காலமும் முடிந்தது. பாடியவர் கே.பி. சுந்தராம்பாள், எழுதியவர் பாஸ்கரதாஸ் என்று இரண்டு பெயரையும் போடுங்கள். கொடுப்பதென்றால் மேலே சொன்ன ரோஜா முத்தையா நூலகத்தை முதலில் கேட்டுப் பாருங்கள். டெல்லிக்குப் பக்கத்தில் குர்கானில், 1982இல் தொடங்கிய இனவரைவியல் இசை ஆவணக்காப்பகம் ஒன்றும் இருக்கிறது. சேகரிப்பாளர்கள் கையில் இருப்பதும் இப்போது வெளியே வருகிறது. மும்பையின் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு ஓடியன் கம்பெனித் தட்டுகளை ஒலிக்கோப்பாக மாற்றியிருக்கிறார்கள். சென்னை மவுண்ட் ரோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் விற்ற அதே ஓடியன்தான். எங்கே கொடுத்தாலும் உறையைப் பிரிக்காமல் சேர்த்துக் கொடுங்கள்.

கேள்வி: என் அம்மா சிறு வயதில் கேட்ட தட்டு, வீடு மாறும்போது மூன்று துண்டாக உடைந்துவிட்டது. பசை போட்டு ஒட்டலாமா? அல்லது எறிந்துவிடலாமா?
– தஞ்சாவூர் வாசகி

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. பசை பள்ளத்துக்குள் இறங்கினால் பிறகு யாராலும் எடுக்க முடியாது. அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், முள்ளே படாமல் பள்ளங்களை நுண்ணிய படமாக எடுத்து, அந்தப் படத்திலிருந்து ஒலியை எடுக்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். அந்த நாட்டுக் காங்கிரஸ் நூலகம் அதைப் பயன்படுத்துகிறது. உடைந்த தட்டுகூட அதில் பேசும். ஒரு நாள் நம் பக்கமும் வரும்.

அதுவரை இப்படி வையுங்கள். ஒரு கெட்டி அட்டையில் தட்டின் அளவுக்கு வட்டம் வரைந்து, துண்டுகளை அவை இருந்த இடத்திலேயே, விளிம்போடு விளிம்பு உரசாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு வையுங்கள். மேலே இன்னொரு அட்டை, குறுக்கே பருத்தி நாடா. எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று அட்டையில் எழுதுங்கள். சின்னச் சில்லு விழுந்திருந்தால் காகிதத்தில் மடித்து உள்ளேயே போடுங்கள். அப்புறம் காகிதத்தில் உள்ள எண்ணையும் கம்பெனிப் பெயரையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். அம்மாவுக்கு நினைவிருக்கும் முதல் அடியையும் சேர்த்து எழுதுங்கள். காரைக்குடி அம்மா தன் 40 பக்க நோட்டை முடித்ததும், உங்கள் எண் அதில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன்.